ஐந்து எழுத்து, அதில் ஏ, ஆர், ரி: ஆங்கிலச் சொல்லைத் தேடிப் பிடிப்பது எப்படி?

ஞாயிறு ஆங்கிலப் பத்திரிகையின் குறுக்கெழுத்து, எழுத்துக் கட்டைகளால் சொல் கட்டும் பாடசாலை ஸ்கிரபிள் போட்டி, காலி வீதி பஸ்ஸில் நின்றபடியே கைபேசியில் ஆடும் வேர்டில் என்ற சொல் ஊகிக்கும் ஆட்டம். கொழும்பில் எங்கே பார்த்தாலும் யாராவது ஒருவர் ஆங்கில எழுத்துகளை உருட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இப்படி இருக்கும்: "ஐஞ்சு எழுத்தில ஒரு சொல்லு வேணும். ஏ, ஆர், ரி மூண்டும் வரவேணும்." ஒருவர் 'வோட்டர்' என்பார். பக்கத்தில் இருப்பவர் அது சரிவராது, 'அலேர்ட்' என்று எழுது என்பார். இன்னொருவர் இணையத்தில் தேடிவிட்டு, நூற்றுக்கணக்கில் வருகிறதே, எதை எடுப்பது என்று கேட்பார்.

மூவர் சொல்வதும் சரிதான். ஆனால் மூவரும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தேடுகிறார்கள். "இந்த எழுத்துகள் வரவேண்டும்" என்ற வாக்கியத்துக்குள் குறைந்தது நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எந்தக் கேள்வி என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டால், தேடும் வேலையில் பாதிக்கு மேல் முடிந்துவிடும். சொற்களைத் தேடித் தரும் இணையக் கருவிகளைப் பிழை சொல்கிறவர்களில் பலர், உண்மையில் பிழையான பெட்டிக்குள் எழுத்துகளைப் போட்டவர்கள்.

எழுத்துகளின் பெயரைத் தமிழிலேயே எழுதுவதால் ஒரு குறிப்பு: கீழே டி என்று வருவது 'டோர்' என்ற சொல்லின் முதலெழுத்து, ரி என்று வருவது 'டேபிள்' என்ற சொல்லின் முதலெழுத்து.

ஒரே வாக்கியம், நான்கு கேள்விகள்

முதலாவது, இருந்தால் போதும் என்ற கேள்வி. ஐந்து எழுத்துக்குள் ஏ, ஆர், ரி மூன்றும் எங்காவது இருக்கவேண்டும், மற்ற இரண்டு இடங்களிலும் எது வந்தாலும் பரவாயில்லை. வோட்டர், ஏர்த், ஹார்ட், ட்ரெய்ன், கிரேட், ஸ்டார்ட் எல்லாமே தேறும். இதுதான் மிகத் தளர்வான கேள்வி. அதனால்தான் விடைகள் குவிகின்றன.

இரண்டாவது, வரிசை மாறக்கூடாது என்ற கேள்வி. முதலில் ஏ, அதற்குப் பிறகு எங்கோ ஓர் ஆர், அதற்கும் பிறகு ஒரு ரி. அலேர்ட், அவேர்ட், அபார்ட் தேறும். ஏர்த் என்ற சொல்லிலும் இம்மூன்றும் இதே ஒழுங்கில் நிற்பதால் அதுவும் தேறும். வோட்டர் தேறாது, ஏனென்றால் அதில் ரி முந்திக்கொள்கிறது. ட்ரெய்ன் தேறவே தேறாது.

மூன்றாவது, இந்தக் கட்டைகள் மட்டும்தான் என்ற கேள்வி. ஸ்கிரபிள் ஆடுகிறவருக்கு வேண்டியது இதுதான். கையில் ஏ, ஆர், ரி, எச், ஈ, ஐ, என் என்று ஏழு கட்டைகள் இருக்கின்றன. இவற்றை மட்டும் வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு தடவைக்கு மேல் பாவிக்காமல், ஐந்தெழுத்துச் சொல் கட்டவேண்டும். ஹார்ட், ஏர்த், ட்ரெய்ன், இனேர்ட் வரும். வோட்டர் வராது, கையில் டபிள்யூ இல்லை. ஸ்டார்ட் என்ற சொல்லுக்கோ எஸ் இல்லை, ரி-யும் இரண்டு வேண்டும்.

நான்காவது, இந்த இடத்தில் இந்த எழுத்து என்ற கேள்வி. குறுக்கெழுத்தில் வருவது இது. இரண்டாம் கட்டத்தில் ஏ, கடைசிக் கட்டத்தில் ஆர் என்று ஏற்கெனவே விழுந்திருக்கும். மிச்சம் மூன்று கட்டங்கள் வெறுமை. வோட்டர், லேட்டர், டேக்கர் எல்லாம் அந்த அச்சில் பொருந்தும்.

வேர்டில் இவற்றில் இரண்டைக் கலந்து ஆடும் ஆட்டம். ஒளித்துவைத்த ஐந்தெழுத்துச் சொல்லை ஊகித்து எழுதினால், ஒவ்வோர் எழுத்தும் ஒரு நிறத்தில் தெரியும். பச்சை நிறம் நான்காவது கேள்வி. மஞ்சள் நிறம் முதலாவது கேள்வி, ஆனால் "இந்த இடத்தில் மட்டும் இல்லை" என்ற நிபந்தனையோடு. சாம்பல் நிறம் எழுத்தை விலக்குகிறது. அந்த விலக்கலில் ஒரு பொறி இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எங்காவது இருந்தால் போதுமா, வரிசையாக வரவேண்டுமா, தந்தவை மட்டும்தானா, இடம் தெரியுமா? கருவியைத் திறக்கும் முன் இந்த நான்கில் ஒன்றைத் தெரிந்தெடுங்கள்.

கண்டுபிடிப்பதில்லை, கழித்துவிடுகிறது

வெள்ளவத்தையில் ஒருவரின் வீட்டை விலாசம் இல்லாமல் தேடுவதாக வைத்துக்கொள்வோம். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை என்றார்கள், மற்றப் பக்க ஒழுங்கைகள் எல்லாம் கழிந்தன. மூன்று மாடி என்றார்கள், இன்னும் கொஞ்சம் கழிந்தன. பச்சைக் கேற் என்றதும் இரண்டு மூன்று வீடுகளே மிஞ்சின. எந்த அடையாளமும் வீட்டைக் காட்டித் தரவில்லை. ஒவ்வொன்றும் பொருந்தாத வீடுகளை அகற்றியது, அவ்வளவுதான்.

சொல் தேடும் கணினி நிரலும் இதையே செய்கிறது. அதற்கு ஆங்கிலம் தெரியாது. பொருள் தெரியாது, ஒலி தெரியாது, இலக்கணமும் தெரியாது. அதனிடம் இருப்பது ஒரு சொற்பட்டியல், அதாவது வரிக்கு ஒரு சொல்லாக எழுதப்பட்ட நீண்ட கோப்பு. நாம் தரும் ஒவ்வொரு நிபந்தனையும் ஒரு வடிகட்டி. நிரல் பட்டியலின் முதல் சொல்லில் தொடங்கிக் கடைசிச் சொல் வரை போகும். ஒவ்வொரு சொல்லையும் எல்லா வடிகட்டிகளிலும் விட்டுப் பார்க்கும். எல்லாவற்றிலும் தப்பியவற்றைத் திரையில் காட்டும். மூன்று இலட்சம் சொற்கள் என்றாலும் சாதாரணக் கணினிக்கு இது ஒரு நொடி வேலைகூட இல்லை.

ஏன் பட்டியலிலிருந்து தொடங்கவேண்டும், எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. 26 எழுத்துகளை ஐந்து இடங்களில் போடும் வழிகள் 11,881,376. வேர்டில் ஆரம்ப வடிவத்தில் ஊகமாக ஏற்றுக்கொண்ட ஐந்தெழுத்துச் சொற்கள் 12,972. ஏறத்தாழத் தொள்ளாயிரம் அடுக்குகளுக்கு ஒன்றுதான் சொல். மிச்சம் எல்லாம் குப்பை. இல்லாதவற்றை உண்டாக்கிச் சோதிப்பதைவிட, இருப்பவற்றிலிருந்து கழிப்பது மிக மலிவு.

வடிகட்டிகளை எந்த ஒழுங்கில் போட்டாலும் கடைசி விடை மாறாது. வேலையின் அளவுதான் மாறும். நீளத்தை முதலில் பார்ப்பது நல்லது. ஒரு சொல்லின் நீளத்தை அறிவது எளிது, அதுவே பட்டியலின் பெரும்பகுதியை ஒரே வெட்டில் கழித்துவிடும்.

எந்தப் பட்டியல்?

இதைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. "அப்படி ஒரு சொல்லே இல்லை" என்று கருவி சொன்னால், அது சொல்வது "என் பட்டியலில் இல்லை" என்பது மட்டுமே.

இலங்கையின் ஸ்கிரபிள் போட்டிகள், வட அமெரிக்காவுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளைப் போல, கொலின்ஸ் பதிப்பகத்தின் சொற்பட்டியலைப் பின்பற்றுகின்றன. அதன் 2019 பதிப்பில் 279,496 சொற்கள். வட அமெரிக்கப் பட்டியலின் 2018 பதிப்பில் சுமார் 192,000 தான். அமெரிக்கத் தளம் ஒன்றில் பயிற்சி எடுத்துவிட்டுக் கொழும்பில் போட்டிக்கு வரும் பிள்ளைக்கு, எதிராளி வைக்கும் சொற்கள் புதிராக இருப்பது இதனால்தான். இரண்டிலும் மிக நீண்ட சொல் 15 எழுத்து, பலகையில் ஒரு வரிசைக்கு 15 கட்டங்களே இருப்பதால். அதைவிட நீண்ட சொல்லை ஸ்கிரபிள் பட்டியலில் தேடிப் பயனில்லை.

மக் கணினியில் ஏற்கெனவே ஒரு சொற்கோப்பு இருக்கிறது. அது 1934இல் வந்த வெப்ஸ்டர் அகராதியின் இரண்டாம் பெரும்பதிப்பிலிருந்து எடுத்தது, ஏறத்தாழ 235,000 சொற்கள். எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறவேண்டாம். பன்மை வடிவங்களும் இறந்தகால வடிவங்களும் அதில் பெரும்பாலும் இல்லை. அதன் பின் பிறந்த சொற்களும் இல்லை. ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் உண்டு, அவை ஸ்கிரபிளுக்கு உதவா. இலவசமாக எடுத்துப் பாவிக்க நல்லது எனேபிள் என்ற பட்டியல். பொதுவுடைமையாக விடப்பட்டது, சுமார் 173,000 சொற்கள், வினைவடிவங்களும் பன்மைகளும் உள்ளது.

வேர்டில் இரண்டு பட்டியல்களை வைத்திருக்கிறது. 2021 ஒக்டோபரில் பொதுமக்களுக்கு வந்தபோது, ஊகமாக ஏற்கும் சொற்கள் மேலே சொன்ன 12,972. விடையாக வரக்கூடியவை அவற்றில் 2,315 மட்டும், பெரும்பாலும் சாதாரண வாசகருக்குப் பழக்கமானவை. 2022 ஜனவரியில் நியூயோர்க் ரைம்ஸ் அதை வாங்கிய பிறகு பட்டியல்களில் மாற்றங்கள் வந்தன. ஆனாலும் இந்த இரட்டை ஏற்பாடு விளங்கினால், ஒரு சொல்லை ஆட்டம் ஏற்றுக்கொண்டது என்பதற்காக அது விடையாக வரும் என்று எதிர்பார்க்கமாட்டீர்கள்.

இருக்கிறதா என்று கேட்பதும், எத்தனை என்று கேட்பதும்

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

'கறி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் ஆர் இரண்டு தடவை வருகிறது. "சி, ஆர், வை உள்ள ஐந்தெழுத்துச் சொல்" என்று கேட்டால் அது வரும். "சி, ஆர், ஆர், வை" என்று இரண்டு ஆர் போட்டாலும் பல கருவிகள் முந்திய பட்டியலையே திருப்பித் தரும். காரணம், அவை எழுத்து உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்கின்றன. ஆர் உண்டா? உண்டு. மறுபடியும் ஆர் உண்டா? அதே ஆர்-ஐக் காட்டி உண்டு என்கிறது. இரண்டு ஆர் கட்டாயம் என்றால், கருவி எழுத்துகளை எண்ணவேண்டும். நல்ல நிரல்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்து எண்ணிக்கை ஒன்றை உண்டாக்குகின்றன: ஏ இத்தனை, சி இத்தனை என்று. அப்போது கேள்வி "ஆர் இரண்டோ அதற்கு மேலோ" என்று திருத்தமாகிறது.

உங்கள் கருவி எண்ணுகிறதா என்று சோதிக்க ஒரு வழி: ஈ என்ற எழுத்தை மட்டும் மூன்று தடவை தட்டி ஐந்தெழுத்துச் சொற்களைக் கேளுங்கள். 'ஈரி', 'எலீட்' போன்ற சொற்கள் கலந்து வந்தால் அது எண்ணவில்லை. ஈரி என்ற சொல்லில் மூன்று ஈ உண்டு, அது வரலாம். எலீட்டில் இரண்டுதான், அது வரக்கூடாது.

இப்போது வேர்டிலின் அந்தப் பொறி. விடை 'டைகர்' என்று வைத்துக்கொள்வோம்: ரி, ஐ, ஜி, ஈ, ஆர். நீங்கள் 'ஈகர்' என்று எழுதுகிறீர்கள்: ஈ, ஏ, ஜி, ஈ, ஆர். மூன்றாவது ஜி, நான்காவது ஈ, ஐந்தாவது ஆர் பச்சையாகும். இரண்டாவது ஏ சாம்பல். முதலாவது ஈ-யும் சாம்பல்! சொல்லில் ஈ இருக்கிறது, ஆனால் ஒன்றுதான் இருக்கிறது. அதை நான்காம் இடம் எடுத்துக்கொண்டது. ஆகவே முதல் ஈ-க்குக் கணக்கில் இடமில்லை. இந்தச் சாம்பலைப் பார்த்துவிட்டு, தேடும் கருவியில் "ஈ வேண்டாம்" என்று போட்டால், நான்காம் இடத்தில் ஈ வேண்டும் என்ற நிபந்தனையோடு அது மோதும். விடை பூச்சியம். அப்போது கருவியை நொந்துகொள்வது அநியாயம். ஒரே எழுத்து ஓரிடத்தில் நிறத்தோடும் இன்னோர் இடத்தில் சாம்பலாகவும் வந்தால், அதன் பொருள் "இவ்வளவுதான், இதற்கு மேல் இல்லை" என்பது. அந்த எழுத்தை விலக்குப் பெட்டியில் போடாதீர்கள்.

ஏழு கட்டைகளை நொடியில் தீர்க்கும் உத்தி

மூன்றாவது கேள்வியை, அதாவது கட்டைகள் மட்டும் என்ற கேள்வியை, நிரல்கள் எப்படித் தீர்க்கின்றன என்பது அழகான விடயம். ஏழு வெவ்வேறு எழுத்துகளை இரண்டிலிருந்து ஏழு வரை எல்லா நீளத்திலும் அடுக்கிப் பார்த்தால் 13,692 அடுக்குகள் வரும். அவ்வளவையும் அகராதியில் தேட வேண்டியதில்லை.

பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கி அதன் பக்கத்தில் எழுதிவைக்கிறார்கள். இதை அடுக்குச் சாவி என்று அழைப்போம். 'சைலன்ட்' என்ற சொல்லின் சாவி ஈ-ஐ-எல்-என்-எஸ்-ரி. 'லிஸ்ன்' என்ற சொல்லின் சாவியும் அதுவே. 'என்லிஸ்ட்', 'டின்சல்', 'இன்லெட்ஸ்' எல்லாவற்றுக்கும் அதே சாவி. எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் கிடைக்கும் சொற்கள் எல்லாம் ஒரே சாவியின் கீழ் வந்து குடும்பமாக உட்கார்ந்துவிடுகின்றன.

இனி ஏழு கட்டைகளையும் அகரவரிசையில் அடுக்கி, அவற்றிலிருந்து இரண்டோ அதற்கு மேலோ எழுத்துகளைத் தெரிந்தெடுக்கும் வழிகளை மட்டும் பார்த்தால் போதும். அவை 120. ஐந்தெழுத்து மட்டும் என்றால் 21. இருபத்தொரு சாவிகளைத் தட்டிப் பார்த்தால் எல்லா விடைகளும் கைக்கு வந்துவிடும். கட்டைகளைத் தட்டில் அகரவரிசையில் வைத்துப் பழகும் போட்டியாளர்கள் இதே உத்தியைத் தலைக்குள் செய்கிறார்கள். சாவியைப் பார்த்ததும் சொல் நினைவுக்கு வரும்படி மனப்பாடம் செய்திருப்பார்கள்.

சுருக்கமாக: நீளம் பார்ப்பது, எழுத்தை எண்ணுவது, இடம் பார்ப்பது, சாவி பார்ப்பது. சொல் தேடும் கருவிகளுக்கு அடியில் ஓடுவது இந்த நான்கு செயல்கள்தான்.

எக்செலில் நீங்களே செய்ய

விளம்பரங்கள் நிறைந்த தளங்களில் அலைவதைவிட, ஒரு தடவை இப்படிச் செய்துவைத்தால் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நிலையாக உதவும்.

சொற்பட்டியலை முதல் நிரலில் (இங்கே நிரல் என்பது தாளில் மேலிருந்து கீழாகப் போகும் பத்தி), கலத்துக்கு ஒரு சொல்லாக, எல்லாம் சிறிய எழுத்தில் ஒட்டுங்கள். எக்செல் தாள் ஒன்றில் 1,048,576 வரிகள் உண்டு, எந்தப் பட்டியலும் அடங்கும். இரண்டாம் நிரலில் 'லென்' சூத்திரத்தால் நீளத்தை எடுங்கள். அடுத்த நிரல்களில் வேண்டிய எழுத்துகளை எண்ணுங்கள். எக்செலில் எழுத்தை நேரடியாக எண்ணும் சூத்திரம் இல்லை. சுற்றி வரவேண்டும்: 'சப்ஸ்டிட்யூட்' சூத்திரத்தால் அந்த எழுத்தை வெறுமையாக்கி, மிஞ்சும் நீளத்தை முழு நீளத்திலிருந்து கழித்தால் எத்தனை தடவை வந்தது என்று தெரியும். அந்தச் சூத்திரம் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகப் பார்க்கும் என்பதால்தான் எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் வைக்கச் சொன்னோம். பிறகு நீளம் 5, எண்ணிக்கை 1 அல்லது அதற்கு மேல் என்று ஃபில்டர் போடுங்கள்.

இடம் தெரிந்த தேடலுக்கு இவை ஒன்றும் வேண்டாம். முதல் நிரலின் ஃபில்டரில் சமம் என்ற நிபந்தனையைத் தெரிந்து, தெரியாத எழுத்துக்கெல்லாம் ஒரு கேள்விக்குறி போடுங்கள். கேள்விக்குறி, ஏ, கேள்விக்குறி, கேள்விக்குறி, ஆர் என்று ஐந்து இடம். இப்படி ஓர் எழுத்துக்குப் பதிலாக நிற்கும் குறியைப் பதிலிக்குறி என்று சொல்லலாம். ஒரு கேள்விக்குறி சரியாக ஓர் எழுத்தைக் குறிப்பதால் நீளமும் தானாகவே ஐந்தாகிவிடும். நட்சத்திரக்குறி போட்டால் எத்தனை எழுத்தும் வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம்.

இங்கே பிழைக்கும் இடங்கள் மூன்று. சமம் என்பதற்குப் பதிலாக அடங்கும் என்ற நிபந்தனையைத் தெரிந்தால், வோட்டர் மட்டுமல்ல, 'வோட்டர்ஃபோல்' போன்ற நீண்ட சொற்களும் வரும், அந்த அச்சு அவற்றின் நடுவிலோ தொடக்கத்திலோ பொருந்துவதால். இணையத்திலிருந்து ஒட்டிய சொற்களின் வாலில் வெற்று இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், ஐந்தெழுத்துச் சொல் ஆறு என்று எண்ணப்பட்டுக் காணாமல் போகும். 'ட்ரிம்' சூத்திரத்தால் முதலில் துடைத்துவிடுங்கள். மூன்றாவது, ஒரே நிரலில் தனிப்பயன் ஃபில்டர் இரண்டு நிபந்தனைகளையே ஏற்கும். மூன்று எழுத்து வேண்டும் என்றால் எண்ணும் நிரல்கள் தவிர்க்க முடியாதவை.

ஸ்கிரபிள் கேள்விக்கு: கையில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் எண்ணும் நிரல் போட்டு, அவற்றின் கூட்டுத்தொகை சொல்லின் நீளத்துக்குச் சமமா என்று பாருங்கள். சமம் என்றால் வெளி எழுத்து எதுவும் இல்லை. எந்த எழுத்தும் கையிருப்பை மீறவில்லையா என்றும் பார்க்கவேண்டும். எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுக் கட்டை ஒன்று இருந்தால், ஐந்தெழுத்துச் சொல்லுக்குக் கையிருப்பு நான்கு இடங்களை நிரப்பினாலே போதும்.

இதே தாளில் தமிழ்ச் சொற்களைப் போட்டுப் பார்க்க ஆசை வரும். 'அம்மா' என்று போட்டால் நீளம் ஐந்து என்று காட்டும். கணினி புள்ளியையும் காலையும் தனித்தனிக் குறிகளாக எண்ணுகிறது. நமக்கு அது மூன்றெழுத்து. ஆகவே தமிழ்க் குறுக்கெழுத்துக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது, எழுத்தைப் பிரிக்கும் வேறு ஏற்பாடு வேண்டும்.

கருவி இல்லாதபோது

போட்டி மண்டபத்தில் கைபேசிக்கு இடமில்லை. அங்கே உதவுவது எழுத்துகளின் பழக்கவழக்கம்.

அரிய எழுத்திலிருந்து தொடங்குங்கள். சுருக்கமான ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியின் சொற்களில் ஈ ஏறத்தாழ 11 சதவீதம், கியூ 0.2 சதவீதம். "ஈ உள்ள சொல்" என்று மனதுக்குள் தேடினால் கடல் மாதிரி விரியும். கியூ, ஜே, எக்ஸ், இசட் ஏதாவது கையில் இருந்தால் அங்கிருந்து தேடுங்கள். அடுத்தடுத்துப் பொதுவான எழுத்துகள் ஏ, ஆர், ஐ, ஓ, ரி, என், எஸ். ஓடும் உரையில் ரி இரண்டாம் இடத்தில் நிற்கும், ஏனென்றால் 'த', 'டூ', 'தட்' போன்ற சிறு சொற்கள் வரிக்கு வரி வருகின்றன. சொற்பட்டியலில் அவை ஒவ்வொரு தடவையே வருவதால் ரி கீழிறங்குகிறது. சொல் விளையாட்டுக்குப் பார்க்கவேண்டியது பட்டியல் கணக்கு. ஸ்கிரபிளை உருவாக்கிய அல்ஃப்ரட் பட்ஸ் 1930களில் செய்தித்தாள்களின் எழுத்துகளை எண்ணித்தான் கட்டைகளைப் பங்கிட்டார். நூறு கட்டைகளில் ஈ 12, கியூ ஒன்று. எஸ் நான்கு மட்டும். அதைக் கூட்டியிருந்தால் எந்தச் சொல்லையும் பன்மையாக்கிப் புள்ளி எடுப்பது மிக இலகுவாகியிருக்கும்.

கியூ வந்தால் யூ வரவேண்டும் என்று பாடசாலையில் படித்ததை ஸ்கிரபிள் பலகையில் மறந்துவிடுங்கள். கிப்லா, நிகாப், புர்கா, தலாக், பக்கீர் ஐந்தையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். எல்லாம் ஐந்தெழுத்து, எல்லாவற்றிலும் கியூ உண்டு, ஒன்றிலும் அதற்கு அடுத்து யூ இல்லை, எல்லாம் கொலின்ஸ் பட்டியலில் உள்ளவை. கொழும்பில் தமிழ் பேசுகிறவர்களுக்கு இவை கண்ணில் அடிக்கடி படும் சொற்கள். ஆனாலும் கட்டைகளைப் பார்க்கும்போது நினைவுக்கு வருவதில்லை.

ஐந்து உயிரெழுத்தில் ஒன்றும் கையில் இல்லை என்றால் வை இருக்கிறதா என்று பாருங்கள். 'ட்ரிஸ்ட்', 'மேர்', 'லிம்ஃப்' மூன்றும் ஐந்தெழுத்து, உயிரெழுத்தின் வேலையை வை-யே பார்க்கிறது. ஆறெழுத்தில் 'ரிதம்' உண்டு. இவற்றில் 'மேர்' என்பது வெள்ளைப்போளம் என்ற நறுமணப் பிசின்: எம், வை, ஆர், ஆர், எச்.

சொல்லின் தலையையும் வாலையும் கவனியுங்கள். ஆங்கிலச் சொல் வி-யில் முடிவது மிக அரிது. கடைசிக்கு முந்திய இடத்தில் வி விழுந்தால் கடைசியில் ஈ வர வாய்ப்பு அதிகம்: 'கிளவ்', 'லீவ்', 'சொல்வ்'. மூன்று மெய்யெழுத்துகளோடு தொடங்கும் சொற்களில் பெரும்பாலானவற்றுக்குத் தலை எஸ்: 'ஸ்ட்ரோங்', 'ஸ்ப்ரிங்', 'ஸ்க்ரூ'. ஆகவே இரண்டாம் மூன்றாம் கட்டங்களில் ரி, ஆர் விழுந்திருந்தால், முதற்கட்டத்தில் எஸ்-ஐ முதலில் வைத்துப் பாருங்கள்.

தமிழ் காதோடு ஆங்கிலம் படித்தவர்களுக்கு இன்னொன்று முக்கியம். நாம் எழுதுவதைப் பெரும்பாலும் அப்படியே ஒலிக்கிறோம். அதனால் சொல்லை ஒலியால் தேடும் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. "கே உள்ள ஐந்தெழுத்துச் சொல்" என்றதும் காது ககர ஒலியைத் தேடி ஓடும். 'நைஃப்', 'நொக்', 'நீல்', 'நோன்' எல்லாம் கே-யில் தொடங்குகின்றன, ஆனால் அந்தத் தலை ஒலிப்பதில்லை. 'ரோங்' என்ற சொல்லின் டபிள்யூ, 'கோஸ்ட்' என்ற சொல்லின் எச் இரண்டும் அப்படித்தான். எழுத்துகளைத் தாளில் வட்டமாக எழுதி, உயிரெழுத்துகளை நடுவில் தனியாக வைத்தால், காது கட்டிய ஒழுங்கு உடைந்து கண் வேலை செய்யத் தொடங்கும்.

விடை பூச்சியம் என்றால்

முதலில் எழுத்துக்கூட்டலைச் சந்தேகியுங்கள். இலங்கைப் பாடசாலைகளில் பிரித்தானிய முறை. வேர்டில் அமெரிக்க முறை. 'ஃபேவர்', 'ஹியூமர்' நமக்கு ஆறெழுத்து, அவர்களுக்கு யூ இல்லாமல் ஐந்து. 2022 தொடக்கத்தில் இவை இரண்டும் விடைகளாக வந்தபோது பிரித்தானிய முறையில் எழுதுவோர் பலர் முணுமுணுத்தார்கள். 'லீட்டர்' இன்னும் நுட்பமானது. இரு முறையிலும் ஐந்தெழுத்து, அதே எழுத்துகள், கடைசி இரண்டும் மட்டும் இடம் மாறுகின்றன. எழுத்து உண்டா என்ற தேடலில் இரண்டும் வரும். இடம் பார்க்கும் தேடலில் ஒன்றுதான் வரும்.

குறுக்கெழுத்தில் குறிப்பின் முடிவில் உள்ள எண்ணைப் பாருங்கள். 7 என்றால் ஒரே சொல். 3, 4 என்றால் இரண்டு சொற்கள், ஏழெழுத்து அச்சாகத் தேடினால் பெரும்பாலான பட்டியல்களில் கிடைக்காது. 4-3 என்று கோடு போட்டிருந்தால் இணைகோடு உள்ள சொல், ஸ்கிரபிள் பட்டியலில் அதற்கு இடமே இல்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் வரவில்லை என்றால், ஏற்கெனவே எழுதிய ஏதோ ஒரு குறுக்குச் சொல் பிழை. எது என்று கண்டுபிடிக்க, தெரிந்த எழுத்துகளில் ஒன்றை மட்டும் கேள்விக்குறியாக்கித் தேடுங்கள். பிறகு அதைத் திருப்பிப் போட்டு அடுத்ததை மாற்றுங்கள். மூன்று எழுத்து தெரியும் என்றால் மூன்று தேடல்தான். எதை மாற்றும்போது குறிப்புக்குப் பொருந்தும் சொல் வருகிறதோ, அந்த எழுத்தைத் தந்த குறுக்குச் சொல்லைத்தான் முதலில் அழித்துப் பார்க்கவேண்டும்.